காற்றுக்கு அம்பு போட்ட கதை

ஆகாயத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். படம் போட்டுக் காட்டுகிறார்கள். பொய் விமானத்துக்குள் உட்காரவைத்து இடி மின்னலை எல்லாம் வரவழைக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் விமானம் ஓட்டி ஓய்வுபெற்ற கிழவனைக் கூப்பிட்டு, "புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால், புயலில் விமானத்தை இறக்கிய கதையைத்தான் எழுதுவான் என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கதை வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள், காபியோடு சொல்கிறேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் புயல் கொஞ்சம் பெரிதாகிறது என்று என் மனைவி சொல்கிறாள். இங்கே எழுதப்போவது விமானத்தில் ஏறுவதற்கு முன்னாலேயே நான் கீழே விழுந்த கதை.

சுதந்திரம் வந்த மறு வருஷம். தூத்துக்குடியில் எனக்கு வயது இருபத்து மூன்று. அப்பா தோணித் தண்டல், அதாவது சரக்குத் தோணிக்குத் தலைவர். சித்தப்பா வீட்டில் எல்லோரும் சங்கு குளிக்கப் போகிறவர்கள். அந்த நாளில் பெரிய கப்பல்கள் கரைக்கு வரமுடியாது. ஐந்தாறு மைல் தள்ளிக் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். உப்பு, பஞ்சு, கருவாடு எல்லாம் தோணியில்தான் போய் ஏறும். அந்தத் தோணிகளை இழுத்துக்கொண்டு போகும் மோட்டார் லாஞ்ச் ஒன்றில் எனக்கு எழுத்து வேலை. காற்று எப்படி, நீரோட்டம் எந்தப் பக்கம், எத்தனை மணிக்குக் கப்பலைத் தொட்டோம் என்று தினமும் பதிவேட்டில் எழுதவேண்டும். இரண்டு வருஷம் எழுதினேன். கடலையே நான்தான் ஓடவிடுகிறேன் என்ற நினைப்பு அதற்குள் எனக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் எங்கள் ஊருக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் வேண்டாம், நாங்கள் 'சார்' என்றே கூப்பிட்டோம். சண்டைக் காலத்தில் விமானப் படையில் தரைப் பாடங்கள் நடத்தியவர். மனைவி ஊர் தூத்துக்குடி. கடற்கரை ரோட்டில் காலியாகக் கிடந்த ஒரு பஞ்சுக் கிட்டங்கியின், அதாவது கிடங்கின், மாடியைக் கேட்டு வாங்கி, விமான லைசென்சுக்கான தரைப் படிப்பு நடத்தப்போவதாகச் சொன்னார். முதல் வாரம் பதினோரு பேர் வந்தார்கள். வந்த அன்றே விமானத்தில் ஏற்றிவிடுவார் என்று நினைத்திருப்பார்கள் போல. அவர் விமானச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எதிரெதிரே இரண்டு விமானம் வந்தால் யார் எந்தப் பக்கம் ஒதுங்கவேண்டும் என்று மூன்று நாள் சொன்னார். நாலாம் நாள் இரண்டு பேர்தான் மிச்சம். நான் ஒருவன். இன்னொருவன் தங்கவேல்.

தங்கவேலின் சொந்த ஊர் சாயர்புரம் பக்கம். தூத்துக்குடி கடைத்தெருவில் அவர்களுக்குப் பெரிய பலசரக்குக் கடை. என்னைவிட மூன்று வயது சின்னவன். காலையில் கடையில் உட்கார்ந்து பருப்பு நிறுப்பான். மத்தியானம் மேல்சட்டையில் மிளகாய் நெடியோடு கிட்டங்கிக்கு வருவான். தோணியில் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறான், அன்றைக்கு வாந்தி எடுத்ததோடு சரி. ஆனால் சண்டைக் காலத்தில் உப்பளத்துக்கு மேலே தாழப் பறந்துபோன ஒரு விமானத்தைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை. அவன் அப்பாவுக்கு இது பிடிக்கவே இல்லை. கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரே ஒரு தடவை பரீட்சை எழுத விட்டார். தேறாவிட்டால் மறுநாளே விருதுநகரில் இருந்த அவர்களுடைய இன்னொரு கடைக்குப் போய்விடவேண்டும், அதற்குப் பிறகு விமானம் என்ற பேச்சை வீட்டில் எடுக்கக்கூடாது. சாமி படத்துக்கு முன்னால் அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். தங்கவேல் சத்தியத்தை மீறுகிற ஆள் இல்லை. ஆக, அவனுக்கு ஒரு வாய்ப்புத்தான்.

சட்டம் முடிந்தது, என்ஜின் முடிந்தது, மேகங்களும் முடிந்தன. வழி கண்டுபிடிக்கும் பாடம் தொடங்கிய அன்று சார் ஒரு வாக்கியம் சொன்னார். "காற்றுக்குள்ளே விமானம் என்பது நீரோட்டத்துக்குள்ளே தோணி மாதிரி. ஓட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்."

உண்மையான வாக்கியம். இன்றைக்கும் இதைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அதைக் கேட்டதும் நான் காதை மூடிக்கொண்டுவிட்டேன். நீரோட்டமா? அது என் சமாச்சாரம் அல்லவா! தண்டல் மகனுக்கு இதைப் போய்ச் சொல்லித்தரவேண்டுமா என்று சன்னல் வழியே தோணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கடுத்து அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு நாள் கழித்து சாருக்குப் பெங்களூரிலிருந்து தந்தி வந்தது. நல்ல வேலை, உடனே வரச் சொல்லியிருந்தார்கள். பாடம் மூன்றில் ஒரு பங்கு பாக்கி. தன் புத்தகத்தை எங்களிடம் கொடுத்து, "ரெண்டு பேரும் சேர்ந்து முடித்துவிடுங்கள், சந்தேகம் வந்தால் கடிதம் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார்.

மறுநாள் கிட்டங்கிக்குப் போனதும் நான் நேராகப் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. தங்கவேல் புத்தகத்தை நீட்டினான்.

"நீயே வச்சுக்கலே," என்றேன். "எனக்கு எதுக்கு? இதெல்லாம் நாங்க தினமும் பாக்குறதுதான்."

காற்றுக் கணக்கு என்பது ஒரு முக்கோணம். விமானம் போகும் திசைக்கு ஒரு கோடு, காற்றுக்கு ஒரு கோடு, இரண்டும் சேர்ந்து விமானத்தை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு ஒரு கோடு. காற்றுக் கோட்டில் அம்புக்குறி எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இப்போது கவனியுங்கள். கடலில் நீரோட்டத்தை எழுதும்போது அது எங்கே போகிறதோ அந்தத் திசையை எழுதுவோம். காற்றை எழுதும்போது அது எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையை எழுதுவோம். மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது. எங்கள் ஊரில் அதைக் கச்சான் என்போம், மண்ணை வாரி முகத்தில் அடித்துவிட்டுக் கடலுக்குள் போகும். கச்சான் என்று பெயர் சொல்லியிருந்தால் தூக்கத்தில் கேட்டாலும் நான் சரியாகச் சொல்லியிருப்பேன். ஆனால் கணக்கில் பெயர் கிடையாது, எண்தான். 'காற்று 240 பாகை' என்று இருக்கும். தெற்குக்கும் மேற்குக்கும் நடுவில் ஒரு திசை, அவ்வளவுதான். விமானத்துக்குக் காற்றுதான் நீரோட்டம் என்று சாரே சொல்லிவிட்டாரே. இரண்டு வருஷம் பதிவேட்டில் எழுதிய கை தானாக நீரோட்டத்துக்குப் போடுவதுபோல 240-ஐப் பார்த்துப் போகும்படி அம்பு போட்டது. அங்கிருந்து வருகிற காற்று அங்கே போகிற காற்றாக ஆகிவிட்டது.

தலைகீழ். முழுக்க முழுக்கத் தலைகீழ். கடலே தெரியாதவன் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். கடல் தெரியும் என்று மார்தட்டியவன்தான் செய்வான்.

அதை ஒரு மாதம் தங்கவேலுக்கும் சொல்லிக்கொடுத்தேன். சும்மாவும் இல்லை, அதட்டி உருட்டிச் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் அவன் நோட்டைப் பார்த்துக்கொண்டே, "அண்ணாச்சி, இந்த அம்பு இருக்குல்லா..." என்று ஆரம்பித்தான்.

"அம்புக்கு என்னலே?"

"இல்ல, புஸ்தகத்துல ஒரு படம் போட்டிருக்கான்..."

"படத்தைப் பாத்தா காத்து அடிக்கும்? பருப்பு நிறுக்குற பய காத்தைப் பத்திப் பேசுதான் பாரு!" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். அவனும் சேர்ந்து சிரித்ததால் நல்ல தமாஷ் என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சைக்குச் சென்னை போனோம். அவன் வீட்டில் முறுக்கும் எங்கள் வீட்டில் ஒரு டப்பா மக்ரூனும் கொடுத்துவிட்டார்கள். மதுரை வருவதற்குள் இரண்டும் காலி. காலையில் எழுதிய சட்டப் பரீட்சை சுலபமாக இருந்தது. மத்தியானம் வழி கண்டுபிடிக்கும் பரீட்சை, இரண்டு மணி நேரம். பெரிய கூடம், முப்பது பேர் இருப்போம். மேற்பார்வைக்கு ஒரு வழுக்கைத் தலைக்காரர், மேஜையில் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு அதையும் எங்களையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருந்தார். தங்கவேல் எனக்கு முன்னால் மூன்றாவது வரிசையில் இருந்தான்.

மூன்றாவது கேள்விக்குத்தான் பாதி மதிப்பெண். தெற்கே ஓர் ஊருக்குப் பறக்கவேண்டும், காற்று 240 பாகை. மூக்கை எந்தப் பக்கம் வைப்பாய், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாய்? நான் பத்து நிமிஷத்தில் முக்கோணம் போட்டு, மூக்கைக் கிழக்கே வைத்து, சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒருவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே கேள்வியில் கடைசியாக ஒரு சின்னப் பிரிவு இருந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் காற்றுப் பை ஒன்று கம்பத்தில் கட்டியிருக்கிறது, அது மேலிருந்து எப்படித் தெரியும் என்று வரைந்து காட்டு. காற்றுப் பை என்பது துணிக்குழாய், கொடி மாதிரித்தான். எங்கள் லாஞ்ச் கம்பத்தில் கொடி பறக்காத நாள் உண்டா? தெற்கும் மேற்கும் சேர்ந்த மூலையிலிருந்து அடித்தால் கொடி கடலைப் பார்த்துப் பறக்கும். யோசிக்காமல் வரைந்தேன். வால் வடகிழக்கே நீட்டிக்கொண்டு அழகாக வந்தது.

வரைந்துவிட்டு மேலே பார்த்தேன். மேலே என் முக்கோணம். அதில் அதே காற்று தென்மேற்கே போய்க்கொண்டிருந்தது. ஒரே தாள், ஒரே காற்று, கொடியை ஒரு பக்கமும் விமானத்தை எதிர்ப் பக்கமும் தள்ளுகிறது.

கடிகாரத்தில் இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. அடித்துவிட்டுத் திருப்பிப் போட அது தாராளம். ரப்பரைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் மூன்று வரிசைக்கு முன்னால் குனிந்திருந்த தங்கவேலின் முதுகு கண்ணில் பட்டது. என் தாளை நான் திருத்திக்கொள்வேன். அவன் தாளில் இருக்கும் என் தப்பை யார் திருத்துவது? அவனுக்கு ஒரு தடவைதானே! சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறான். விருதுநகர்க் கடையில் ஆயுள் முழுக்க அவன் பருப்பு நிறுத்துக்கொண்டிருப்பது அப்படியே என் கண் முன்னால் வந்தது.

இருமிப் பார்க்கலாமா, பென்சிலைத் தவறவிடலாமா என்று யோசித்தேன். இருமலில் எப்படி அம்பைத் திருப்புவது? எழுந்து நின்றுவிட்டேன்.

"சார்," என்றேன் ஆங்கிலத்தில், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "அங்கே இருக்கும் அந்த ஆளுக்குக் காற்றுக் கணக்கைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தது நான். அவர்மேல் குற்றம் இல்லை. அம்பைத் திருப்பிப் போட வேண்டும் என்று மட்டும் அவரிடம் சொல்ல அனுமதி கொடுங்கள்."

வழுக்கைத் தலைக்காரர் கடிகாரத்தை விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்தார். "நீ அனுமதி கேட்கிறாயா, சொல்லியே முடித்துவிட்டாயா?" என்றார்.

அது நியாயமான கேள்விதான். என் தாளைப் பிடுங்கிக்கொண்டு என்னை வெளியே போகச் சொன்னார். தங்கவேல் திரும்பி என்னைப் பார்த்து வாயைத் திறந்தான், மூடினான், வேகமாகத் தலையை ஆட்டினான். 'வேண்டாம் அண்ணாச்சி' என்று எனக்காகப் பதறுகிறான் என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே வெளியே நடந்தேன். என் பரீட்சை போனது போனதுதான். ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று ஒரு பெருமை. அந்தப் பெருமை நாற்பது நிமிஷம் நீடித்தது.

மணி அடித்து எல்லோரும் வெளியே வந்தார்கள். வாசல் மரத்தடியில் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலே, மாத்திப் போட்டியா?"

"எதை அண்ணாச்சி?"

"அம்பைத்தாம்லே! காத்து அங்கனருந்து வருதுலே, அங்கன போகல. அதைச் சொல்லித்தான் நான் வெளிய வந்து நிக்கேன்."

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நான் முதல்லயே சரியாத்தான் போட்டிருந்தேன்," என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"சார் போன மறுநாளே புஸ்தகத்துல பாத்துட்டேன் அண்ணாச்சி. நீங்க சொன்னதும் அதுல உள்ளதும் வேற வேறயா இருந்துச்சு. சாருக்குக் கூடக் காயிதம் போட்டுக் கேட்டேன். புஸ்தகத்துல உள்ளதுதான் சரின்னு எழுதியிருந்தாவ."

"பொறவு ஏம்லே என் முன்னால நான் சொன்ன மாதிரியே போட்ட?"

"ரெண்டு நோட்டு வச்சிருந்தேன். உங்ககிட்ட காட்டுறதுக்கு ஒண்ணு, நான் படிக்குறதுக்கு ஒண்ணு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லாலே!"

அவன் கண் கலங்கிவிட்டது. "எப்படிச் சொல்லுவேன்? நீங்க தண்டல் மவன். நான் பலசரக்குக் கடைக்காரன். மூணு தடவை வாயெடுத்தேன். நீங்க சிரிச்சிய. பொறவு, நீங்க தினமும் கடலுக்குப் போறவரு, பரீட்சை அன்னைக்குப் பாத்ததும் உங்களுக்கே தெரிஞ்சிரும்னு இருந்துட்டேன். இப்படி எந்திரிச்சு நிப்பியன்னு நினைக்கவே இல்ல. தப்பு என்மேலதான் அண்ணாச்சி."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பரீட்சை போனதற்காக இல்லை. ஒரு மாதமாக ஒருவன் என் முன்னால் உட்கார்ந்து, என் மனசு நோகக்கூடாது என்பதற்காகவே தினமும் தெரிந்தே தப்பான கணக்கு எழுதியிருக்கிறான். பக்கத்தில் சரியான விடை இருந்தது. அதை வெளியே வரவிடாமல் நான்தான் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். அதுபோகட்டும், கூடத்தில் எழுந்து நின்றேனே, அதை நினைத்துப் பாருங்கள். அப்போதும் நான் சொன்னதைத்தான் அவன் எழுதியிருப்பான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேனே தவிர, இவனுக்குச் சொந்தமாகத் தெரிந்திருக்கும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. தியாகம் செய்யும்போதும் அதே திமிர்தான். ரயிலில் திரும்பி வரும்போது விழுப்புரம்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அதற்குப் பிறகு அவனுக்குத் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது. வழுக்கைத் தலைக்காரர் மாதிரியே கண்ணை உருட்டி, "நீ அனுமதி கேட்கிறாயா?" என்றான். நானும் சிரித்தேன். மேல் பலகையில் படுத்திருந்தவர் எங்களைத் திட்டினார்.

தங்கவேல் தேறிவிட்டான். எனக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி எழுத அனுமதி கிடைத்தது. அதனால் பின்னாளில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தபோது அவன் எனக்கு ஆறு மாதம் மூத்தவன். சம்பள நாளில் எல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவான்.

உங்களில் சிலர் சீக்கிரமே கேப்டனுடைய இடது பக்க நாற்காலியில் உட்காருவீர்கள். வலது பக்கத்தில் உங்களைவிடச் சின்னவர் ஒருவர் இருப்பார். அவர் உங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தால் உங்கள் கணக்கு சரி என்று அர்த்தம் இல்லை. அவரிடம் இரண்டாவது நோட்டு ஒன்று இருக்கலாம். அதை வெளியே எடுக்கும் தைரியத்தை அவருக்குக் கொடுப்பது உங்கள் வேலை, அவர் வேலை அல்ல. நீங்கள் அடிக்கும் ஒரு தமாஷில் அந்த நோட்டு உள்ளே போய்விடும். நான் பார்த்திருக்கிறேன், நல்ல விமான ஓட்டிகள்கூட அப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள்.

பரீட்சை முடிவு வந்த மறுவாரமே கிட்டங்கி மாடியில் மறுபடி படிப்பு தொடங்கியது. தங்கவேலுக்குப் பறக்கும் பயிற்சி மழைக்காலம் முடிந்துதான். அதனால் எனக்குத் துணையாக வந்தான். சாரின் நாற்காலியை இழுத்துச் சுவர் ஓரமாகப் போட்டுவிட்டு, இரண்டு பேரும் பெஞ்சிலேயே உட்கார்ந்தோம். நான் ஒரு கணக்கைப் போட்டு நோட்டை அவன் பக்கம் தள்ளி, "பாத்துச் சொல்லு," என்றேன்.

அவன் பார்த்தான். தொண்டையைக் கனைத்தான். பென்சிலை எடுத்தான், கீழே வைத்தான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "தப்பு அண்ணாச்சி," என்றான். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது.

நான் மறுபடி போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். என் கணக்கு சரிதான். அவன்தான் நிமிஷத்தை மணியாக்கும் இடத்தில் இடறியிருந்தான். பருப்பு, தராசு என்று ஏதேதோ என் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"இந்தக் கணக்கு சரியாத்தாம்லே இருக்கு, இங்கன பாரு," என்றேன். "ஆனா நீ சொன்ன பாத்தியா, அது எனக்குப் போதும். நாளைக்கும் சொல்லு."

மறுநாள் அவன் நாலு தடவை "தப்பு" என்றான். அதில் மூன்று நிஜமாகவே தப்பு.